ஊர்மேல் பழி போடாதீர்கள்

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் ‘முன்னறிவிக்கப்பட்ட ஒரு சாவின் வரலாறு’ பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு முடிவுகள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விதியை யாராலும் தடுக்க முடியாது என்று சொல்லும் நாவல் இது என்பது ஒன்று. ஊரே சேர்ந்து செய்த கொலை, அங்கே எல்லோரும் குற்றவாளிகள் என்பது மற்றொன்று. வகுப்பறையில், வாசகர் கூட்டத்தில், மதிப்புரையில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. பல சமயம் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. யார் எதைச் செய்தார், யார் செய்யாமல் விட்டார், யாரால் முடிந்தது, யாரால் முடியாமல் போனது என்று ஆள் ஆளாக, நிமிடக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தை ‘எல்லோரும்’ என்ற ஒற்றைச் சொல்லில் சுருட்டி வைப்பது அந்தப் புத்தகத்துக்குச் செய்யும் அநியாயம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலம்பியாவின் கரீபியப் பகுதியில் ஆற்றங்கரையோரம் ஒரு சிற்றூர். பயார்தோ சான் ரோமான் என்ற பணக்கார அந்நியன் வந்து இறங்குகிறான்; ஆங்ஹெலா விகாரியோ என்ற ஏழைப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்கிறான். அவள் கன்னி இல்லை என்று தெரிந்ததும் அன்றிரவே தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். யார் காரணம் என்று அண்ணன்கள் கேட்கிறார்கள். சந்தியாகோ நாஸர் என்கிறாள். பன்றி அறுத்து விற்கும் இரட்டையர்களான பெத்ரோவும் பாப்லோவும் கத்திகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். விடிந்து சற்று நேரத்தில், 21 வயது சந்தியாகோவை அவன் வீட்டு வாசலிலேயே குத்திக் கொல்கிறார்கள். 27 வருடம் கழித்து, அவனுடைய நண்பனும் ஆங்ஹெலாவுக்கு உறவினனுமான கதைசொல்லி ஊர் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்து விசாரிக்கிறான். 1951 ஜனவரியில் சுக்ரே என்ற ஊரில் நடந்த ஒரு நிஜக் கொலையிலிருந்து எழுந்த கதை. கொல்லப்பட்ட மருத்துவ மாணவர் மார்க்கேஸின் நண்பர்.

விதிக் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் சாட்சி தலைப்பு. சாவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆகவே அது நடந்தே தீரவேண்டியது என்கிறார்கள். ஆனால் இந்த அறிவிப்பைச் செய்தது யார்? சோதிடனும் இல்லை, தெய்வமும் இல்லை. கொல்லப் போகிறவர்களே செய்தார்கள். எதற்காகச் செய்தார்கள் என்பதை நாவல் மறைக்கவே இல்லை. இறைச்சிச் சந்தையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சந்தியாகோவைக் கொல்லப் போகிறோம் என்கிறார்கள். அதைக் கேட்டதாக 22 பேர் பிற்பாடு சாட்சி சொல்கிறார்கள். யாராவது கேட்கவேண்டும் என்பதற்காகவே சொன்னதுபோல் இருந்தது என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே எண்ணம். தங்களை யாராவது தடுத்து நிறுத்தவேண்டும் என்பதற்காக இரட்டையர்கள் எவ்வளவு முயன்றார்கள் என்று கதைசொல்லியே வியக்கிறான். அந்த அறிவிப்பு இரண்டு இளைஞர்கள் ஊரைப் பார்த்துக் கேட்ட உதவி. மானத்தைக் காக்கவேண்டிய கடமையிலிருந்து மானம் கெடாமல் தங்களை விடுவிக்கச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். விதிக்கு இதில் என்ன வேலை?

ஒருமுறை அந்த உதவி பாதிதூரம் கிடைக்கவும் செய்தது. மேயர் கர்னல் லாஸரோ அபோந்தே, இரட்டையர்கள் காத்திருக்கும் பால் கடைக்கு வந்து கத்திகளைப் பறித்துக்கொண்டு போகிறார். தன் கடமை அத்தோடு முடிந்தது என்று பெத்ரோ நினைக்கிறான். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்பது அவன் எண்ணம். இந்த இடத்தில் நாவல் சில நிமிடங்கள் திறந்து கிடக்கிறது. கொலை நடக்காமலே போயிருக்கலாம். பாப்லோதான் அவனை இழுத்துக்கொண்டு போய் வேறு இரண்டு கத்திகளை எடுக்கிறான். விதி நடத்தும் கதையில் கொலைகாரன் பாதி வழியில் மனம் மாறி, பிறகு சகோதரனால் தள்ளிக்கொண்டு போகப்படவேண்டிய அவசியம் இல்லை. பெத்ரோவின் தயக்கத்தை மார்க்கேஸ் எழுதியிருப்பதே, இங்கே மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று காட்டத்தான்.

கதவு விஷயம் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, விதிக் கட்சியின் பலமான சான்று அதுதான். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சந்தியாகோவின் வீட்டு முன்வாசல் பெரும்பாலும் தாழிட்டே கிடக்கும்; எல்லோரும் புழங்குவது பின்வாசல். அன்று பிஷப் கப்பலில் வருகிறார் என்று வெள்ளை லினன் உடுத்திக் கிளம்பியவன் முன்வாசல் வழியாகப் போனான். கடைசியில் உயிர் தப்ப ஓடிவருவதும் அதே வாசலை நோக்கித்தான். அம்மா ப்ளாஸிதா லினேரோ, மகன் வந்து மாடிக்குப் போய்விட்டான் என்று வேலைக்காரப் பெண் திவினா ஃப்ளோர் சொன்னதை நம்பி நிற்கிறாள். கத்தியோடு இருவர் வாசலை நோக்கி ஓடிவருவது தெரிகிறது. அவள் நின்ற இடத்திலிருந்து மகன் ஓடிவரும் கோணம் தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தாழிடுகிறாள். மகன் கதவுக்கு வெளியே சில அடி தூரத்தில்.

படிக்கிறவர் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் இதில் தெய்வத்தின் கை எங்கே இருக்கிறது? அம்மா மகனைக் காப்பாற்றத்தான் தாழிட்டாள். அவளுக்குக் கிடைத்த தகவல் தவறு. அந்தத் தவறான தகவல் இவ்வளவு விலை பெற்றதற்குக் காரணம், சரியான தகவல் அதற்கு முன் சில மணி நேரமாக அந்த வீட்டைச் சுற்றி உலவிக்கொண்டிருந்தும் ஒருவரும் அவள் காதில் போடாததுதான். எச்சரித்து எழுதிய கடிதம் ஒன்று கதவுக்கு அடியில் கிடந்ததைக் கொலைக்குப் பிறகுதான் கவனிக்கிறார்கள். பாதிரியார் கார்மென் அமதோர் அந்தத் தாயிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சதுக்கத்தில் இறங்கினார்; பிஷப் வருகிற பரபரப்பில் மறந்துபோனார். கதவைத் தாழிட்டது விதி என்றால் பாதிரியாரின் மறதியையும் விதிக் கணக்கில்தான் எழுதவேண்டும். அப்படி எழுதினால் அவருக்கு நல்லது. செத்தவனுக்கு என்ன நியாயம்?

கனவுகள், சகுனங்கள், பறவை எச்சம், தூறல் என்று குறியீட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அன்று காலை தூறியது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது என்று சிலர். ஒரே ஊர், ஒரே காலை. வானிலைகூட ஒத்துப்போகாத ஞாபகங்களிலிருந்துதான் சகுனங்கள் எல்லாம் வருகின்றன. மகனுடைய கனவைக் கேட்டு நல்ல சகுனம் என்று சொன்ன தாய், மற்றவர்கள் கனவுக்குப் பலன் சொல்வதில் பேர்போனவள். தன் மகன் கனவில் தவறிவிட்டோம் என்ற வேதனையோடு வாழ்கிறாள். கொலை நடந்த பிறகு ஊர் தன் மனச்சுமையை இறக்கி வைக்கத் தேடிய இடம்தான் விதி. அந்தத் தேடலை மார்க்கேஸ் எழுதிக் காட்டுகிறார். நாமோ அதையே அவருடைய தீர்ப்பு என்று வாங்கிக்கொள்கிறோம். விசாரணைக்கு வந்த இளம் நீதிபதியும் இப்படித்தான் தடுமாறுகிறான். இலக்கியப் பித்துள்ளவன், சிவப்பு மையில் ஓரக்குறிப்புகள் எழுதுகிறான், இத்தனை தற்செயல்கள் வாழ்க்கையில் நடக்குமா என்று மலைத்துப்போகிறான். ரியோஹாச்சா நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், கடலேற்றத் தண்ணீர் நுழையும் ஆவணக் குவியலிலிருந்து கதைசொல்லி மீட்டெடுக்கும் 322 தாள்களில் அந்த மலைப்பு நிறைய இருக்கிறது. சந்தியாகோதான் அந்தப் பெண்ணைக் கெடுத்தவன் என்பதற்கு ஒரு சான்றுகூட இல்லை. விசாரிக்க வந்தவன் கவிதையில் ஒதுங்கிக்கொண்டான் என்று நான் படிக்கிறேன்.

இரண்டாவது கட்சிதான் அதிக ஆபத்தானது. ஏனென்றால் அது முற்போக்காகத் தோன்றுகிறது. ஊரே குற்றவாளி என்று சொல்லும்போது சமூகத்தைக் கண்டித்துவிட்ட நிறைவு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் நாவலின் பக்கங்களில் அந்த ‘ஊர்’ என்பது யார்? ஆளாளுக்குப் பார்ப்போம்.

க்ளோதில்தே அர்மெந்தா. சதுக்கத்தில், சந்தியாகோ வீட்டுக்கு எதிரே பால் கடை நடத்துகிறவள். விடியுமுன் கடை திறப்பவள் என்பதால் இரட்டையர்கள் அங்கே வந்து காத்திருக்கிறார்கள், செய்தித்தாளில் சுற்றிய கத்தியோடு. இந்தப் பெண் என்னென்ன செய்கிறாள் என்று பாருங்கள். பிஷப்புக்கு மரியாதை கொடுத்தாவது இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். போதையில் தூங்கிவிடட்டும் என்று சாராயம் ஊற்றிக் கொடுக்கிறாள். கடைக்கு வந்த பிச்சைக்காரி மூலம் சந்தியாகோ வீட்டுச் சமையல்காரிக்குச் சொல்லி அனுப்புகிறாள். பாதிரியாருக்குத் தகவல் அனுப்புகிறாள். கர்னல் கத்தியை மட்டும் பறித்துக்கொண்டு கிளம்பும்போது, அவர்களைப் பிடித்து உள்ளே வையுங்கள் என்று கேட்கிறாள். அந்தக் கோரிக்கையில் அவள் சந்தியாகோவை மட்டும் நினைக்கவில்லை. ஊர் தலையில் கட்டிய பயங்கரமான கடமையிலிருந்து அந்த இரண்டு பையன்களையும் விடுவிக்கச் சொல்கிறாள். கொலையின் முழு இயந்திரத்தையும் புரிந்துகொண்ட ஒரே ஆள் அந்த ஊரில் இந்தப் பால்காரிதான். சந்தேகத்தின்பேரில் யாரையும் கைது செய்ய முடியாது என்று கர்னல் சொல்லிவிடுகிறார். கடைசி நிமிடத்திலும் பெத்ரோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஓடு, கொல்லப்போகிறார்கள் என்று சந்தியாகோவைப் பார்த்துக் கத்துகிறாள். இவளையும் சேர்த்துத்தான் ‘எல்லோரும் குற்றவாளிகள்’ என்கிறோமா?

இப்போது கர்னலைப் பார்ப்போம். செய்தி வரும்போது அவர் நிதானமாக உடுத்திக்கொண்டிருக்கிறார். முந்தைய இரவு கல்யாணக் கூத்தில் நண்பர்களுக்குள் பல சண்டைகளைத் தீர்த்து வைத்த களைப்பு. இன்னொரு சண்டைக்கு அவசரமில்லை என்று காலை உணவையும் முடித்துக்கொண்டு புறப்படுகிறார். கத்திகளைப் பறிக்கிறார். அத்தோடு முடிந்தது என்று நம்புகிறார். பிறகு சந்தியாகோவின் நண்பன் கிறிஸ்தோ பெதோயா ஓடிவந்து, அவர்கள் வேறு கத்திகளோடு காத்திருக்கிறார்கள் என்று சொல்கிறான். இதோ பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அன்றிரவு டோமினோ ஆட்டம் உறுதிதானா என்று கேட்டுக்கொள்ளக் கிளப்புக்குள் நுழைகிறார். வெளியே வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஊரில் கைது செய்யும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவருக்குக் கொலைச் செய்தி இரண்டு முறை வந்தது, இரண்டாம் முறை ஆயுத விவரத்தோடு. பால்காரிக்குக் குரல் மட்டும்தான் இருந்தது. அவருக்குப் பதவியும் போலீஸ்காரரும் சிறைக்கதவும் இருந்தன. இந்த இருவரையும் ஒரே தட்டில் வைத்துச் சமமான பங்காளிகள் என்று எடை போடும் வாசிப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை. தன் கையில் இருந்த வழிகள் ஒவ்வொன்றையும் அவள் முயன்று தீர்த்துவிட்டாள். அவரோ செய்யவேண்டிய ஒன்றைச் செய்யவில்லை.

பாதிரியார் விஷயமும் அப்படியே. கொலை பற்றிக் கேள்விப்பட்டதும் இது அரசாங்கத்தின் வேலை, தேவாலயத்தின் வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. பிறகு மறக்கிறார். பிஷப்போ கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. கரையிலிருப்பவர்களுக்குச் சிலுவை காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குச் சேவல் கொண்டையில் சூப் பிடிக்கும் என்று ஊர் கொண்டுவந்து குவித்த சேவல்கள் கூண்டுகளில் கூவிக்கொண்டிருக்கின்றன. மார்க்கேஸ் மதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. இறங்காமல் போகும் ஒரு கப்பலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிறகு மருத்துவர் ஊரில் இல்லாததால் பிரேதப் பரிசோதனையையும் அதே பாதிரியார் செய்கிறார். ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றியிருக்கக்கூடிய உடலை அறுத்துக் கூறு போடுகிறார்.

ஊரில் பலர் சும்மா இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. குடிபோதைப் பேச்சு என்று விட்டவர்கள் உண்டு. இவ்வளவு அமைதியாக நடந்து போகிறானே, அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணியவர்கள் உண்டு. மான விவகாரத்தில் மூன்றாம் மனிதர் தலையிடக் கூடாது என்று ஒதுங்கியவர்கள் உண்டு. பாப்லோவுக்கு நிச்சயிக்கப்பட்ட ப்ருதென்ஸியா கோதெஸ், ஆண்பிள்ளை செய்யவேண்டியதை அவன் செய்யாமல் போயிருந்தால் கல்யாணமே செய்திருக்கமாட்டேன் என்று பிறகு சொல்கிறாள். சிறையிலிருந்து அவன் வரும்வரை காத்திருந்து மணக்கிறாள். தூண்டிவிட்ட பங்கு அவளுடையது; தெளிவாக, தனியாக அவளுடையது. எதிர்ப்புறத்தில் யாமில் ஷாயும் என்ற அராபிய வியாபாரி கொலைக்குப் பிறகு துப்பாக்கியோடு இரட்டையரைத் துரத்துகிறான். நாஹிர் மிகேல் சந்தியாகோவிடம் தன் வீட்டில் ஒளிந்துகொள், இல்லையென்றால் என் துப்பாக்கியை எடுத்துக்கொள் என்கிறார். ஒவ்வொருவரும் வேறு வேறு அளவில் நிற்கிறார்கள். அந்த வேறுபாடுகள்தான் இந்த நாவலின் உயிர். அவற்றை அழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு செய்தித்துணுக்கு.

மூன்றாவதாக ஒரு வாசிப்பு இருக்கிறது, அறிவார்ந்தது போலத் தோற்றம் தருவது: சந்தியாகோ ஒரு கிறிஸ்து. வெள்ளை உடை, நாஸர் என்ற குடும்பப்பெயரில் நாசரேத்தின் ஒலி, உள்ளங்கையில் குத்துக்காயம், பெத்ரோ, பாப்லோ என்று அப்போஸ்தலர் பெயரில் இரட்டையர், ‘தெய்வ முகம்’ என்ற பெயரில் பண்ணை. கைக்காயத்தைச் சிலுவைக் காயத்தோடு ஒப்பிடும் இடம் நாவலிலேயே, பாதிரியாரின் அறிக்கையில் இருக்கிறது. ஆக, குறிப்புகள் இருப்பது உண்மை. அவை சேர்ந்து சொல்வதாகக் கருதப்படும் முடிவுதான் தவறு. பாவமே அறியாத ஆட்டுக்குட்டி என்று அவனை ஆக்கவேண்டுமென்றால் சமையலறையை நாவலிலிருந்து கிழித்து எறியவேண்டும்.

அந்தச் சமையலறைக்குள் போவோம். சமையல்காரி விக்தோரியா குஸ்மான் முயல்களை அறுத்துக் குடலை உருவி நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தியாகோ உள்ளே வந்து காப்பி குடிக்கிறான். வெறுங்கோப்பையை வாங்க வரும் அவள் மகள் திவினா ஃப்ளோரின் மணிக்கட்டைப் பிடித்து, உன்னை வசக்கவேண்டிய வயது வந்துவிட்டது என்கிற மாதிரி பேசுகிறான். தாய் இரத்தம் தோய்ந்த கத்தியைக் காட்டி, விடு என்கிறாள். அவளுடைய இளமையில் சந்தியாகோவின் அப்பா இப்ராஹிம் நாஸர் அவளைப் பண்ணையில் அனுபவித்துவிட்டு, ஆசை தீர்ந்ததும் வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து வைத்தவர். மகன் அதே பாதையில் மகளை நோக்கிக் கை நீட்டுகிறான். முயலின் குடல் நாய்க்குப் போவதைப் பார்த்து முகம் சுளிப்பவனும் அவன்தான். சில மணி நேரத்தில் அவன் உடலைச் சுற்றி அதே நாய்கள் வெறிபிடித்துக் குரைக்கப்போகின்றன.

கொலைத் தகவல் அந்தச் சமையலறைக்கு வந்திருந்தது. தாய் சொல்லவில்லை. குடித்தவர்கள் உளறல் என்று நினைத்தேன் என்கிறாள். மகளோ வருடங்கள் கழித்து, அவன் சாகட்டும் என்றுதான் அம்மா சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். அந்த மகள்தான், தாய் சொன்னதை மீறி, ஆபத்தென்றால் அவன் உள்ளே வந்துவிடட்டும் என்று முன்கதவைத் தாழிடாமல் வைத்தவளும். தன் மணிக்கட்டைப் பிடித்தவனுக்காக அந்தப் பெண் கதவைத் திறந்து வைக்கிறாள். மனித உறவின் இத்தனை சிக்கலையும் ‘கிறிஸ்து உருவகம்’ என்ற ஒரு முத்திரை மூடிவிடுகிறது. வெள்ளை உடையில் செத்தவன் கொல்லப்படத் தக்கவன் இல்லை. அதேசமயம் அந்த வீட்டுச் சமையலறைக்கு அவன் வேட்டையாடும் வல்லூறு. இரண்டும் ஒருசேர உண்மை. விக்தோரியா குஸ்மானின் மௌனத்தைக் கர்னலின் மௌனத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அவள் மௌனத்துக்கு ஒரு வாழ்நாள் காரணம் இருக்கிறது. அவருடையதற்கு டோமினோ ஆட்டம்.

ஆங்ஹெலா அவன் பெயரை ஏன் சொன்னாள்? நாவல் பதிலைத் தர மறுக்கிறது. கதைசொல்லி பல வருடம் கழித்துக் கேட்டும் அவள் மாற்றிச் சொல்லவில்லை. ஊரில் யாரும் அதை நம்பவும் இல்லை. இருவரும் சேர்ந்து நின்று பேசியதைக்கூடப் பார்த்தவர் கிடையாது. அவள் நிஜமாகக் காதலித்த யாரையோ காப்பாற்றினாள், சந்தியாகோ பணக்காரன் என்பதால் அண்ணன்கள் அவன்மேல் கை வைக்கத் துணியமாட்டார்கள் என்று நினைத்தாள் என்பது ஊரில் வலுவாக நிலவிய ஊகம். இது உண்மையானால், விதியென்று சொல்லப்படும் இந்தக் கதை ஒரு பெண்ணின் தப்புக்கணக்கில் தொடங்குகிறது. செல்வம் ஒருவனைக் காக்கும் என்ற, அந்த ஊரில் பெரும்பாலும் பலித்துவந்த கணக்கில். கன்னித்தன்மையைப் பொய்யாகக் காட்டத் தோழிகள் சொல்லிக்கொடுத்த தந்திரங்களை அவள் முதலிரவில் செய்ய மறுத்துவிட்டாள் என்பதையும் மறக்கக் கூடாது. அவளைப் பொய்க்காரி என்று முடிப்பவர்கள் அந்த மறுப்புக்கு என்ன சொல்வார்கள்? அன்பில்லாத கல்யாணம் வேண்டாம் என்று தயங்கியவளிடம், அன்பையும் கற்றுக்கொள்ளலாம் என்று வாயடைத்தவள் தாய் பூரா விகாரியோ. திருப்பி அனுப்பப்பட்ட இரவில் அவளை மயிரைப் பிடித்து அடித்தவளும் அந்தத் தாயே.

பிற்பாதியில் வரும் கடிதங்களைக் காதலின் வெற்றி என்று பலர் சிலாகிக்கிறார்கள். 17 வருடம் ஆங்ஹெலா எழுதுகிறாள். ஒரு நாள் பயார்தோ பருத்து, முடி கொட்டி, ஏறக்குறைய 2000 கடிதங்களோடு வந்து நிற்கிறான். கடிதங்கள் தேதிவாரியாக, வண்ண ரிப்பனில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பிரிக்கவே இல்லை என்பதைத் தாண்டிப்போகிற வாசகர்தான் இதை வெற்றி என்று சொல்ல முடியும்.

பண்பாட்டின் முன் சட்டம் என்ன செய்யும் என்று கடைசியாக ஒரு வாதம் வரும். இந்த நாவலில் சட்டம் பண்பாட்டுக்கு எதிரே நிற்கவே இல்லை. மானத்தைக் காக்கச் செய்த நியாயமான கொலை என்று வக்கீல் வாதாடுகிறார், நீதிமன்றம் ஏற்கிறது, இரட்டையர் விடுதலை ஆகிறார்கள். இன்னும் ஆயிரம் முறை வேண்டுமானாலும் செய்வோம் என்று நீதிமன்றத்தில் சொல்லியும் விடுதலை. ஜாமீன் கட்டப் பணமில்லாததால் விசாரணைக்கு முன் சிறையில் கிடந்த 3 வருடம்தான் அவர்கள் அனுபவித்த தண்டனை. கொலைக்கு முன் கைது செய்ய மறுத்த கர்னலும் கொலைக்குப் பின் விடுவித்த நீதிமன்றமும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். இதைப் பண்பாடு என்று பொதுவாகச் சொல்லி நகர்வது, கையெழுத்துப் போட்டவர்களின் கையை மறைப்பது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை நான் வெறும் இலக்கியச் சர்ச்சையாக எழுத முடியவில்லை. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் சாதி மீறி மணந்த கண்ணகி, முருகேசன் தம்பதிக்கு ஊரார் பார்த்திருக்க விஷம் செலுத்திக் கொன்றார்கள். அப்போதும் ‘ஊரே சேர்ந்து’ என்ற சொல்தான் எல்லோர் வாயிலும். 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, அவர்களில் காவல்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். அந்தத் தீர்ப்பு ஊரைத் தண்டிக்கவில்லை. பெயர் சொல்லித் தண்டித்தது. 2018 மார்ச்சில், ஆணவக் கொலைகள் பற்றிய சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் பேசியது: முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறும் அதிகாரியின்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது. முன்னறிவிக்கப்பட்ட சாவில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் கையில் என்ன இருந்தது என்பதே. நாவலை விதியின் கதையாகவும் பொதுக்குற்றத்தின் கதையாகவும் படித்துப் பழகிய ஒரு வாசகர், நாளைக்குச் செய்தித்தாளில் இதே மாதிரி ஒரு கொலையைப் படிக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது என் பயம்.

இந்த நாவலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களிடமும் வாசகர் வட்டங்களில் பேச எடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறிய புத்தகம்தான், இரண்டு மாலைகளில் மறுபடி படித்துவிடலாம். படிக்கும்போது ஒரு தாளில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் எழுதி, எதிரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது தெரியும், என்ன செய்யும் நிலையில் இருந்தார், என்ன செய்தார். க்ளோதில்தே அர்மெந்தாவின் பெயருக்கு எதிரே இடம் போதாமல் அடுத்த தாளுக்குப் போகவேண்டியிருக்கும். கர்னலின் பெயருக்கு எதிரே என்ன எழுதுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகும் ஊர்தான் கொன்றது என்று தோன்றினால் எனக்குப் பதில் எழுதுங்கள்.